முதல்ல லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி

மெட்ராஸ், பெங்களூர்ல இருந்து ஊருக்கு வர்ற பிள்ளைகள் எங்க வீட்டைப் பத்தி மூணு கேள்வி தவறாமக் கேட்கும். "நிஜமாவே துப்பாக்கி இருக்கா? சுட்டிருக்கீங்களா? போலீஸ் பிடிக்காதா?" முதல் ரெண்டுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். மூணாவதுக்கு முடியாது. அதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் சினிமாத் துப்பாக்கியை மனசிலிருந்து எடுத்துவிடுங்கள். எங்களிடம் இருப்பது ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழாயின் வாய்வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். பின்னால் ஒரு கேப்பு வைக்க வேண்டும். ஒரு தடவை சுட்டால் அடுத்ததுக்கு மறுபடி கெட்டிக்கணும். அதுக்குள்ள பன்னி அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். என் தாத்தா காலத்துச் சாமான். பூட்டின மரப்பெட்டிக்குள்ள கிடக்கும், சாவி என் அரைஞாணில் இருக்கும்.

எங்க ஊர் வைப்பாற்றங்கரையில், கடலில் ஆறு சேர்வதற்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. கரிசல் காடு. மழையை நம்பி மக்காச்சோளம், உளுந்து, பாசி. கிணறு இருக்கிறவன் மாசி, பங்குனியில் கடலை போடுவான். ஆத்துக்குள்ளயும் கண்மாய்க்குள்ளயும் சீமைக்கருவேலம் அடைச்சுக் கிடக்கு. பகலெல்லாம் பன்னி அதுக்குள்ள படுத்துக்கிட்டு ராத்திரி வெளியே வரும். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி இறங்கினால் போதும், காலையில் காடு உழுது போட்ட மாதிரி இருக்கும். சிலர் வரப்பில் திருட்டுத்தனமாகக் கரண்டு கம்பி கட்டுகிறார்கள். அதில் பன்னியோடு மனுசனும் சேர்ந்து செத்த செய்தியைப் பேப்பரில் நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தப் பாவம் வேண்டாம் என்கிறவனுக்கு மிச்சம் இருப்பது பரண், டார்ச், தகரம், வெடிச்சத்தம்.

1959ஆம் வருச ஆயுதச் சட்டத்திலேயே எங்களுக்கென்று ஓர் இடம் உண்டு. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று 13ஆவது பிரிவு சொல்கிறது. கொடுக்க வேண்டியவர் கலெக்டர். அதுக்கு முன்னாடி கிராம நிர்வாக அலுவலர், தாசில்தார், காவல் நிலையம் என்று ஒவ்வொரு மேசையிலும் காகிதம் படுத்து எந்திரிச்சு வரணும். அப்பா காலமானதும் துப்பாக்கியை நாங்கள் வீட்டில் வைத்திருக்க முடியாது. சட்டப்படி ஒப்படைத்துவிட்டு, என் பேரில் லைசென்ஸ் வந்த பிறகுதான் திரும்ப எடுத்தோம். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் ஐந்து வருசத்துக்குச் செல்லும். முன்னாடி மூணு. இப்போது ஒவ்வொரு லைசென்சுக்கும் தேசிய அளவில் ஓர் அடையாள எண்ணும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. பயிரைக் காப்பாற்றத் துப்பாக்கி கொடுக்கிறது ஒரு சட்டம். பயிரைத் தின்கிற எதையும் சுடாதே என்கிறது இன்னொரு சட்டம். மயில் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, தொடக் கூடாது. காட்டுப்பன்னி விசயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஓர் ஏற்பாடு சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. ஒன்றிலிருந்து மூணு வரை கூண்டு வைத்துப் பிடிக்கலாம். மூணுக்கு மேலே வந்தால் சுடலாம், ஆனால் சுட வேண்டியது வனத்துறை ஆட்கள். கேரளத்தில் 2022லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களையே சுட விட்டார்கள். இங்கே என் துப்பாக்கி வானத்தைப் பார்த்துத்தான் பேசும். அந்தச் சத்தத்துக்குப் பன்னி ரெண்டு நாள் வராது. அந்த ரெண்டு நாள் தூக்கத்துக்காகத்தான் இத்தனை காகிதமும்.

சரி, போலீசுக்கு வருவோம். காட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் துப்பாக்கி யார் கண்ணிலும் படாது. ரோட்டுக்கு வரும்போதுதான் கதை. புதுப்பிக்க, ரிப்பேர் பார்க்க, தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க என்று அது வெளியே போய்த்தான் ஆகணும். எங்கள் ரோடு சாதாரண ரோடும் இல்லை. வேம்பாரிலிருந்து குளத்தூர், தருவைகுளம் வழியாகத் தூத்துக்குடி போகிற கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒரு காலத்தில் முத்து எடுத்த கரை. இன்றைக்குப் பீடி இலையும் மஞ்சளும் இலங்கைக்குக் கடத்தப்படுகிற கரை. ஈழப்போர்க் காலத்திலேயே இங்கே கியூ பிரிவு கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் கரையோரக் காவல் இன்னும் இறுகியது. லோக்கல் போலீஸ், கடலோரக் காவல் குழுமம், சுங்கத்துறை என்று யாராவது ஒருவர் எப்போதும் கை காட்டுவார். அந்த ரோட்டில் நீளமான பை ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு போவதை யோசித்துப் பாருங்கள்.

அப்பா எனக்குச் சுடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் வேறொன்றைக் கற்றுக்கொடுத்தார். "ஏலே, போலீஸ்காரன் கேட்டா உன் வாயில இருந்து துப்பாக்கிங்கிற சொல்லுக்கு முன்னாடி லைசென்சுங்கிற சொல் வரணும். முதல்ல லைசென்ஸ், அப்புறம்தான் துப்பாக்கி. மாத்திச் சொன்னா அந்தாளு பாதிதான் கேட்பான்." அப்பா மூணாம் வகுப்பு. ஆனால் ஆயுதச் சட்டம் 19ஆவது பிரிவும் கிட்டத்தட்ட அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஆயுதத்தோடு போகிற எவரிடமும் போலீஸ் அதிகாரி முதலில் லைசென்சைக் கேட்கலாம். காட்ட மறுத்தால், அல்லது காட்ட முடியாவிட்டால், பேரும் விலாசமும் கேட்கலாம். தேவைப்பட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். பேரைச் சொல்ல மறுத்தால், பொய்ப்பேர் சொல்கிறான் அல்லது ஓடிவிடுவான் என்று சந்தேகம் வந்தால்தான் வாரண்டு இல்லாமல் கைது. நாலு படி. ஒவ்வொரு படியிலும் நாம் ஒழுங்காக நின்றால் அடுத்த படிக்கு அவர் ஏற வேண்டியதில்லை.

இதுபோக, பொது இடத்தில் கொண்டு போனால் உறைக்குள் இருக்க வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. நான் மருந்து கெட்டிக்காமல், குழாயைத் துடைத்து, உறைக்குள் போட்டுத்தான் எடுத்துப் போவேன். கேப்புகளை அந்தப் பைக்குள் வைக்க மாட்டேன்.

2024 மார்ச் 16ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. நாலாம் நாள் ஸ்டேஷனில் இருந்து போன். "அய்யா, துப்பாக்கியைக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க." கடலை பூத்து விழுது இறங்குகிற நேரம். மறுநாள் காலையில் தங்கச்சி மகன் பைக் ஓட்ட, நான் பின்னால் பையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் சென்னையில் கம்பெனி வேலை பார்க்கிறவன், லீவுக்கு வந்திருந்தான். கடற்கரைச் சாலையில் ஏறி ரெண்டு கிலோமீட்டர் போகலை, பறக்கும் படை மறித்தது. வருவாய்த்துறை அதிகாரி ஒருவர், எஸ்.எஸ்.ஐ. ஒருவர், ரெண்டு போலீஸ்காரர்கள், வீடியோ எடுக்கிற பையன்.

"பையில என்னய்யா?"

"சார், லைசென்ஸ் இருக்கு, சட்டைப்பைக்குள்ள. பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி. கெட்டிக்கலை. ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறோம்" என்று ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டே சொன்னேன்.

மருமகன் உதவி செய்கிறானாம். "இருங்க மாமா, நான் தொறந்து காட்டுறேன்" என்று பையின் ஜிப்புக்குக் கையைக் கொண்டு போனான்.

"கையை எடு! எடுலே கையை!"

கத்தியது இளவயசுப் போலீஸ்காரர். தோளில் கிடந்த அவருடைய துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது. மருமகன் வெளிறிப்போனான். அந்த ரெண்டு மூணு விநாடி ரோட்டில் எந்தச் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. "தம்பி, கையைத் தூக்கு. பைக்கை விட்டு இறங்கு. மெதுவா" என்றேன். அப்புறம் எஸ்.எஸ்.ஐ.யே என் முதுகிலிருந்து பையைக் கழற்றினார். குழாயில் பொறித்த நம்பரையும் லைசென்ஸ் நம்பரையும் ஒத்துப்பார்த்தார். சரியாக இருந்தது.

"தேர்தல் நேரத்துல இதைத் தூக்கிட்டு ரோட்டுல வரக் கூடாது, தெரியுமா?"

"ஒப்படைக்கச் சொல்லித்தான் சார் போன் வந்துச்சு."

"போன் வந்ததுக்கு எழுத்துல என்ன இருக்கு?"

எழுத்தில் ஒன்றும் இல்லை. கேட்டிருந்தேன், "அதெல்லாம் வேணாம்யா, சும்மா கொண்டாங்க" என்று சொல்லியிருந்தார்கள். ஸ்டேஷனுக்கு அடித்தால் லைன் கிடைக்கலை. நாற்பது நிமிசம் வெயிலில் நின்றோம். ஒரு போலீஸ் கொண்டு வரச் சொல்கிறது, இன்னொரு போலீஸ் ஏன் கொண்டு வந்தாய் என்கிறது. நடுவில் நான். கடைசியில் ஸ்டேஷன் ரைட்டர் போனை எடுத்து ஆமாம் என்றார், விட்டார்கள்.

கிளம்பும்போது அந்த இளவயசுக்காரர் பக்கத்தில் வந்தார். "அண்ணாச்சி, பையன் கையைக் கொண்டு போனதும் எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. உள்ள என்ன இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்?" ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழை போட்டிருக்கிற வீட்டுப் பிள்ளையாம். அவர்கள் வீட்டுக் காட்டிலும் பன்னித் தொல்லையாம். அவர் பயந்தார், நாங்களும் பயந்தோம். ஒரு வித்தியாசம்தான், அவர் துப்பாக்கி கெட்டித்திருந்தது.

அன்னைக்கு ராத்திரி மருமகன் செல்போனில் ஒரு செய்தியைத் தேடி எடுத்துக் காட்டினான். 2016 ஜூலை 6, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம். பிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞர், பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவர். காரை மறித்த போலீஸ் அதிகாரியிடம் தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே முன்வந்து சொன்னார். முறையான அனுமதி வைத்திருந்தவர்தான். அடுத்த சில விநாடிகளில் அதிகாரி ஏழு தடவை சுட்டார். காரில் அவருடைய தோழியும், பின்சீட்டில் தோழியின் நாலு வயசு மகளும் இருந்தார்கள். அடுத்த வருசம் அந்த அதிகாரி குற்றவாளி இல்லை என்று விடுவிக்கப்பட்டார்.

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை. சில மாநிலங்களில், போலீஸ் மறித்தால் ஆயுதம் இருப்பதை நாமாகவே சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அது அரசு தயவு பண்ணிக் கொடுக்கிற அனுமதி. ரெண்டு நாட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஆனாலும் ரோட்டோரத்தில் நிற்கிற அந்தச் சில விநாடிகள் ஒன்றுதான். உண்மையைச் சொன்னவன் உயிர், எதிரே நிற்கிறவன் அதை எப்படிக் காதில் வாங்குகிறான் என்பதில் தொங்குகிறது. எங்க அப்பா சொன்னது சின்ன விசயம் இல்லை என்று அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது.

எங்கள் மாவட்டத்தில் அந்த விநாடிகளுக்குக் கனம் அதிகம். என் லைசென்சில் முத்திரை குத்துவது கோரம்பள்ளத்தில் இருக்கிற கலெக்டர் ஆபீஸ். 2018 மே 22ஆம் தேதி, ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள், ஜனங்கள் ஊர்வலமாகப் போனது அதே ஆபீசுக்குத்தான். அன்றைக்கும் மறுநாளும் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். போலீஸ் வரம்பு மீறியது என்று ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. அந்த அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஒரு குடிமகன் துப்பாக்கியை எப்படி வைத்திருக்க வேண்டும், எங்கே கொண்டு போகக் கூடாது, எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று எனக்குப் பக்கம் பக்கமாக நிபந்தனை போட்ட ஆபீஸ் அது. ஒவ்வொரு தடவை அந்த வாசலில் ஏறும்போதும் அந்த நிபந்தனைகளும் அந்த 13 பேரும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

ரெண்டு வருசம் கழித்து, 2020 ஜூன், சாத்தான்குளம். கடை மூடுற நேரம் சம்பந்தமாகக் கூட்டிப்போன ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் திரும்பி வரவே இல்லை. அவர்கள் கையில் எந்த ஆயுதமும் கிடையாது. அந்த ஸ்டேஷனில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னவர் அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காக்கிச் சட்டைக்குள்ளயும் எல்லா மாதிரி ஆட்களும் உண்டு. ஆனால் அந்த வருசம் எங்க ஊரில், லைசென்ஸ் புதுப்பிக்க ஸ்டேஷன் படி ஏற வேண்டும் என்றாலே வீட்டுப் பொம்பளைகள் "கூட ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். இன்னும் சொல்கிறார்கள்.

சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கிறவன்தான் போலீஸ் கண்ணுக்கு நல்லாத் தெரிகிறவன். பேர், விலாசம், துப்பாக்கி நம்பர், அடையாள எண் எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. தேர்தல் வந்தால் முதல் போன் அவனுக்குத்தான். கருவேலங்காட்டுக்குள்ள கள்ளத் துப்பாக்கி ஒளித்து வைத்திருப்பவனுக்கு எந்த ஸ்டேஷனிலிருந்தும் போன் போகாது. வரி கட்டுகிறவனிடமே மறுபடி வரி கேட்கிற மாதிரிதான் இது.

எல்லா லைசென்ஸ்காரனும் ஒப்படைக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையமே சொல்லவில்லை. கலெக்டரும் எஸ்.பி.யும் உள்ள ஒரு குழு ஒவ்வொரு லைசென்சையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஜாமீனில் வெளியே இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு கலவரங்களில், முக்கியமாகத் தேர்தல் சமயத்தில், சம்பந்தப்பட்டவர் இவர்கள்மேல்தான் கவனம் இருக்க வேண்டும் என்பது ஆணையத்தின் வழிகாட்டுதல். மொத்தமாக எல்லோரையும் ஒப்படைக்கச் சொல்வது சரியல்ல என்று மும்பை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நடப்பில் எங்களுக்கு வருவது ஒரு போன், அவ்வளவுதான். 2024இல் ஏப்ரல் 19 ஓட்டு, ஜூன் 4 எண்ணிக்கை. மார்ச்சில் போன துப்பாக்கி ஜூனில்தான் திரும்பி வந்தது. கடலை பூத்து, காய்த்து, வெட்டி முடிகிற வரைக்கும் பெட்டி காலி. பன்னிக்கு நடத்தை விதி கிடையாது.

ஆயுதம் என்றால் இந்த மண்ணில் அரசுக்கு எப்பவும் ஒரு நடுக்கம்தான். எங்க ஊரிலிருந்து பாஞ்சாலங்குறிச்சி கூப்பிடு தூரம். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ரெண்டு வருசத்தில், ஊமைத்துரையின் சண்டையும் முடிந்தபிறகு, 1801இல் கும்பெனிக்காரன் பாளையங்களின் கோட்டைகளை இடித்து ஆயுதங்களைப் பிடுங்கினான். 1878இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் வேண்டாம், இந்தியனுக்கு வேண்டும். குடகு ஆட்களுக்கு மட்டும் அந்தக் காலத்திலிருந்தே விலக்கு, அது இன்றைக்கும் தொடர்கிறது. எனக்கு விலக்கு வேண்டாம். துப்பாக்கி கண்டவன் கையிலெல்லாம் புழங்கினால் ஊர் தாங்காது. இதைத் துப்பாக்கி வைத்திருக்கிறவனாகவே சொல்கிறேன்.

நான் கேட்பது மூணே விசயம். ஒப்படைக்கச் சொன்னால் எழுத்தில் சொல்லுங்கள், இன்ன தேதியில் இன்ன வழியாகக் கொண்டுவரலாம் என்று ஒரு துண்டுச்சீட்டு போதும். வாங்கும்போது துப்பாக்கியின் நம்பரும் இருக்கிற நிலையும் எழுதி ரசீது கொடுங்கள். அந்த 19ஆவது பிரிவைத் தமிழில் ஒரு பக்கமாக அடித்து, ரோட்டில் நிற்கிற காவலருக்கு ஒன்று, லைசென்ஸ்காரனுக்கு ஒன்று கொடுங்கள். முதலில் எது, அடுத்து எது என்று ரெண்டு பேருக்கும் தெரிந்துவிட்டால் பயம் பாதியாகக் குறையும்.

மருமகனும் மூணாவது கேள்வியை இப்போது கேட்பதில்லை. அவனுக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பையில் இருப்பது துப்பாக்கியோ மண்வெட்டியோ, ரோட்டில் மறித்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள், கையை வெளியே தெரிய வையுங்கள், கேட்காமல் பைக்குள் கை விடாதீர்கள், காகிதத்தின் பேரை முதலில் சொல்லுங்கள். பங்குனியில் மறுபடி கடலை போட வேண்டும். இந்த வருசம் பரணுக்குப் புதுக் கம்பு வெட்டியாச்சு.